கடைசிப் புரூப்பில் என் பெயர்

காரியதரிசி அவர்களே, என் புத்தகத்தின் கடைசிப் புரூப்பில் என் பெயரைக் கையெழுத்தாகப் போட்டது நீர். நான் இல்லை. ஒரு வரிகூடப் படிக்காமல் போட்டீர். பிறகு போலீஸ் இன்ஸ்பெக்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, நான் சொல்லித்தான் போட்டதாகச் சொன்னீர். அது பொய். உமக்குத் தெரியும், எனக்குத் தெரியும். இன்றுவரை வேறு யாருக்கும் தெரியாது.

விஷயம் தெரியாதவர்களுக்காக முதலிலிருந்து சொல்கிறேன். எனக்கு அழகாக எழுத வராது. ஊக்கம் தரும் புத்தகங்கள் எழுதியவனுக்கு அழகாக எழுத வராதா என்று கேட்பார்கள். அந்தப் புத்தகங்களில் இருந்த அழகு அந்தக் காலத்தில் எல்லோரும் எழுதிய அழகு. யாரிடமிருந்து வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். அதைக் கழித்துவிட்டால் நான் மொட்டையாகத்தான் எழுதுவேன்.

கல்கத்தாவில் லால் திக்கிக் குளத்துக்குப் பக்கத்தில் ஒரு சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்தேன். பவானிபூரில் ஒரு வங்காளி வீட்டின் மாடியில் குடியிருந்தோம். நான், மனைவி, இரண்டு பெண் குழந்தைகள். அப்போது நகரத்தில் தமிழ்க் குடும்பங்கள் அதிகம் இல்லை. பாங்கியிலும் கம்பெனிகளிலும் சர்க்காரிலும் வேலை பார்த்தவர்கள் ஒருவரையொருவர் முகம் பார்த்தே அறிவோம். கிறிஸ்துமஸ் வாரத்தில் ஆபீஸ்கள் மூடியிருக்கும் என்பதால் அந்த வாரத்தில் தமிழர் மாநாடு நடக்கும். மூன்று நாள். ஒழுக்கம், விடாமுயற்சி, பெண் கல்வி, உடம்பைப் பேணுதல் என்று பேச்சுகள். ராஜாங்க விஷயம் ஒரு சொல் கிடையாது. தலைவர் ரிட்டயரான பெரிய உத்தியோகஸ்தர். சக்கரவர்த்தியை வாழ்த்தாமல் அவர் தண்ணீர்கூடக் குடிக்கமாட்டார்.

மாநாட்டுக் காரியதரிசி பாங்கியில் தலைமைக் குமாஸ்தா. நன்றாகப் பேசுவார். எங்கள் மாநாட்டில் ஒரு வழக்கம் இருந்தது, அதை ஏற்படுத்தியவர் அவர்தான். பேசப்போகிறவன் தன் பேச்சை முன்கூட்டியே எழுதிக் கொடுத்துவிட வேண்டும். அது சின்னப் புத்தகமாக அச்சாகி வாசலில் ஆளுக்கு ஒன்றாகக் கையில் வரும். மேடையில் பேசுகிறவனைச் சபையார் புத்தகத்தை வைத்துக்கொண்டு வரி வரியாகத் தொடர்ந்து வருவார்கள். பேசுகிறவன் ஒரு வார்த்தை மாற்றிச் சொன்னால் தலைகள் நிமிரும். பிறகு அந்தப் புத்தகங்கள் ரங்கூனுக்கும் பம்பாய்க்கும் தபாலில் போகும். என் புத்தகத்தைப் படித்துத் தன் மகன் மறுபடி பரீட்சைக்கு உட்கார்ந்தான் என்று ஒருவர் ரங்கூனிலிருந்து எழுதினார். அந்தக் கடிதத்தை நான் ஆபீஸுக்கு எடுத்துப்போய்ச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். சந்தோஷப்படவில்லை என்று பொய் சொல்லமாட்டேன்.

ஆனால் மேடை என்றால் எனக்கு எப்போதும் பயம். பேச்சு முழுவதையும் மனப்பாடம் செய்துகொண்டு போவேன். நான்கு வருஷம் அப்படி ஒப்பித்தேன். ஐந்தாவது வருஷத்துப் பேச்சின் தலைப்பு அஞ்சாமை. சிரிக்கிறவர்கள் சிரிக்கலாம்.

எங்கள் புத்தகங்களை அச்சடித்தது ஒரு வங்காளி அச்சுக்கூடம். அவர்களிடம் ஒரு பெட்டித் தமிழ் எழுத்து இருந்தது. தமிழ் படிக்கத் தெரிந்தவர் ஒருவரும் இல்லை. எழுத்துக் கோர்த்த கம்பாசிட்டர் வயதான வங்காளி. எங்கள் எழுத்து அவருக்கு வெறும் உருவம். தாளில் இருக்கும் உருவத்தைப் பெட்டியில் தேடி எடுத்து அடுக்குவார். ஒவ்வொருவர் கையெழுத்தும் ஒவ்வொரு விதமாக இருந்தால் அவர் தடுமாறுவார் என்று, எல்லாப் பேச்சுகளையும் ஒரே ஆளை வைத்து, ஒரே மாதிரித் தாளில் பிரதி எடுக்கச் செய்வார் காரியதரிசி. தாள் மூலையில் இங்கிலீஷ் எண் மட்டும் இருக்கும். அதுதான் அந்தப் பெரியவருக்குப் படிக்கத் தெரியும்.

அதனால் அச்சேறும் முன் புரூப் பார்த்துத் திருத்துவது எங்கள் பொறுப்பு. நான் சனிக்கிழமை அரைநாள் லீவில் போய் அவர் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து பார்ப்பேன். அவர் கேட்பார், "பாபு, உங்கள் பாஷையில் எல்லா எழுத்தும் ஏன் வயிறு பெருத்து இருக்கிறது? சோறு அதிகமோ?" நான், "உங்கள் எழுத்தெல்லாம் கொடியில் தொங்குகிறதே, துணியா?" என்பேன். பார்த்து முடித்ததும் கடைசிப் புரூப்பின் அடியில் 'அச்சிடலாம்' என்று எழுதி ஆசிரியர் கையெழுத்துப் போட வேண்டும். முன்பெல்லாம் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வங்காளத்தை இரண்டாக வெட்டிய பிறகு நிலைமை மாறிவிட்டது. வாரத்துக்கு ஒரு அச்சுக்கூடத்தில் சோதனை. ஒரு பத்திரிகைக்காரரை விலங்கு போட்டு டிராம் பாதை ஓரமாக நடத்திக்கொண்டு போனதை நானே பார்த்தேன். ஆசிரியர் கையெழுத்தில்லாமல் ஒரு காகிதமும் மெஷினில் ஏறாது என்று அச்சுக்கூட முதலாளி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நாளைக்கு ஏதாவது என்றால் கையெழுத்தைக் காட்டித் தப்பிக்கலாம் அல்லவா.

அந்த வருஷம் மாநாட்டுக்குத் தெற்கேயிருந்து ஒரு வக்கீல் வந்தார். சூடான ஆள். அவர் எழுதிய ஒரு துண்டுப் புத்தகத்தையும் தனியாக அச்சடித்துத் தருவதாகக் காரியதரிசி ஒப்புக்கொண்டிருந்தார். அவருக்கு யாரிடமும் இல்லை என்று சொல்ல வராது. அதையும் அதே ஆள் அதே மாதிரித் தாளில், அதே மாதிரி எண் போட்டுப் பிரதி எடுத்தார். இரண்டு கட்டும் காரியதரிசியின் ஒரே பையில் இருந்தன. எப்படியோ என் கட்டின் பதினொன்றிலிருந்து பதின்மூன்று வரை உள்ள தாள்கள் வக்கீலின் கட்டுக்குள் போயின. அதன் பதினொன்று முதல் பதின்மூன்று என் கட்டுக்குள் வந்தன. அந்தப் பெரியவர் எண்ணைப் பார்த்தார். பத்து, பதினொன்று, பன்னிரண்டு. சரியாக இருந்தது. கோர்த்தார்.

தமிழ் தெரிந்த எவனும் புரூப்பை ஒரு தடவை பார்த்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். நான் சனிக்கிழமை வருவதாகச் சொல்லியிருந்தேன். வருஷக் கடைசி வேலை, வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி வரை என்னால் நாற்காலியை விட்டு எழுந்திருக்க முடியவில்லை. காரியதரிசி வெள்ளிக்கிழமையே போய் வேலையை முடித்துவிட்டார். சனிக்கிழமை நான் போனபோது தாள்கள் மடித்துத் தைத்தாகிவிட்டது. நல்லதாகப் போயிற்று என்று நினைத்து வீட்டுக்குத் திரும்பினேன். புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் எழுதியதுதானே!

மாநாட்டின் இரண்டாம் நாள் காலை பேசினேன். பாதிப் பேச்சு வரை தலைகள் குனிந்திருந்தன, பக்கங்கள் ஒன்றாகப் புரண்டன. அந்தச் சத்தம் எனக்குப் பழக்கம். திடீரென்று நின்றுவிட்டது. முன்வரிசையில் ஒருவர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். பிறகு இன்னொருவர். பிறகு எல்லோரும். நான் வார்த்தை மாற்றிவிட்டேன் என்று நினைத்தேன். மனதுக்குள் பின்னால் போய்ப் பார்த்தேன். மாற்றவில்லை. தலைவர் புத்தகத்தை மூடித் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டார். இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். ஏன் என்று தெரியாமல் பேசிக்கொண்டே போனேன். தெரியாததுதான் பயம். என் குரல் யாரோ பேசுவது போல எனக்கே கேட்டது. கடைசி வரிசையில், எனக்கு அறிமுகமில்லாத ஒருவர் புத்தகத்தை நான்காக மடித்துச் சட்டைப்பையில் வைத்தார்.

முடித்தபோது கை தட்டல் இல்லை. காரியதரிசி அடுத்தவரை மேடைக்கு அழைத்துக்கொண்டிருந்தார்.

பெண்கள் பக்கம் மூங்கில் தட்டிக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த என் மனைவி வாசலுக்கு வந்தாள். தெருத் திரும்பியதும் கேட்டாள்.

"ஏன்னா, பதினேழாம் பக்கம் நீங்களா எழுதினேள்?"

"எல்லாம் நான்தான் எழுதினேன். ஏன்?"

"உங்களுக்கு ஏது இவ்வளவு தைரியம்? அதான் கேட்டேன்."

புத்தகத்தைப் பிரித்துக் கையில் கொடுத்தாள். தெரு நடுவில் நின்று படித்தேன். பதினாறாம் பக்கத்தின் கடைசி வரி என்னுடையது: 'ஆகவே உண்மையில் அஞ்சாதவன் தன் மேலதிகாரியின் முன் சென்று நிற்கும்போது.' பதினேழாம் பக்கத்தின் முதல் வரி என்னுடையது அல்ல: 'அவன் உட்கார்ந்திருக்கும் நாற்காலியைக் கவிழ்த்து அவனைக் கடலுக்குத் துரத்த வேண்டும்.' கீழே வெள்ளைக்காரனிடம் சம்பளம் வாங்கும் குமாஸ்தாக்களை நாய் என்று எழுதியிருந்தது. மூன்று பக்கம். பிறகு மறுபடி என்னுடைய வரிகள். அதிகாலையில் எழுவதன் நன்மை பற்றி.

மனைவி கையைப் பிடித்து நடத்தினாள். வேலை போய்விடும் என்பது முதலில் தோன்றியது. அந்த விலங்கு போட்ட பத்திரிகைக்காரர் அதற்குப் பிறகு தோன்றினார்.

மறுநாள் காலை பாலிகஞ்ச் ஸ்டேஷன் பக்கத்தில் காரியதரிசியின் வீட்டுக்குப் போனேன். அவர் தோட்டத்தில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன ஓய், பொழுது விடியறதுக்குள்ள?"

"பதினேழாம் பக்கம் பார்த்தேளா?"

"எந்தப் பதினேழு?"

"என் புஸ்தகத்துல."

வாயைக் கொப்பளித்துவிட்டுக் கண்ணாடியை மாட்டிப் படித்தார். முகம் வெளுத்தது. அதை நான் பார்த்தேன், காரியதரிசி அவர்களே. வெளுத்தது. பிறகு சிரித்தார்.

"அட ராமா. வக்கீலோட தாள்னா இது! பையில ரெண்டும் ஒண்ணாத்தான் கிடந்தது."

"புரூப் பார்க்கலையா?"

"பார்க்காம என்ன? மேலோட்டமாப் பார்த்தேன். தமிழ்தான் இருந்தது."

"கையெழுத்து யார் போட்டா?"

"நீர் ஆபீஸ்ல மாட்டிண்டிருந்தீர். அச்சுக்கூடத்துக்காரன் ஆசிரியர் கையெழுத்து இல்லாம மெஷின்ல ஏத்தமாட்டேன்னு ஒத்தைக் கால்ல நின்னான். அவனுக்குத் தமிழ் தெரியுமா, உம்மைத் தெரியுமா? உம்ம பேரைத்தானே போட்டேன், ஊரான் பேரையா போட்டேன்?"

"ஜெயிலுக்கும் என் பேர்தானே போகும்?"

"சும்மா இரும் ஓய். யார் படிக்கப்போறா? அஞ்சாமைன்னு புஸ்தகம் போட்டுட்டு இப்படி நடுங்கினா ஊர் சிரிக்கும்."

நான் திரும்பி வந்தேன். சண்டை போடவில்லை. வீட்டில் இருந்த பிரதிகளை மனைவி வெந்நீர் அடுப்பில் ஒவ்வொன்றாகத் திணித்துக்கொண்டிருந்தாள். புகை கீழே போயிற்று. வீட்டுக்காரர் மனைவியை நாங்கள் பௌதி என்று கூப்பிடுவோம், வங்காள பாஷையில் அண்ணி. அவர் படியேறி வந்து, என்ன கருகுகிறது என்று கேட்டார். பழைய கடிதங்கள் என்றாள் மனைவி. பௌதி அடுப்பையும் பார்த்தார், எங்களையும் பார்த்தார். அந்தத் தெருவில் அந்த வருஷம் பல வீடுகளில் காகிதம் கருகிற்று. இறங்கிப் போய்த் தன் ஜன்னல்களைச் சாத்திக்கொண்டார்.

விடுமுறை முடிகிறவரை படியில் செருப்புச் சத்தம் கேட்டால் எழுந்துபோய்க் கதவுக்குப் பின்னால் நிற்பேன். பால்காரனாக இருக்கும். அவன் போன பிறகும் நிற்பேன். குழந்தைகளை அதட்டி அதட்டி அவை என்னிடம் வருவதை நிறுத்திவிட்டன.

ஆபீஸ் திறந்த இரண்டாம் நாள் துரையின் அறைக்குக் கூப்பிட்டார்கள். துரை, ஒரு வங்காளி இன்ஸ்பெக்டர், தமிழ் படிக்கத் தெரிந்த ஒரு துபாஷி, எங்கள் காரியதரிசி. அவர் எனக்கு முன்பே வந்து உட்கார்ந்திருந்தார். என்னை நிற்க வைத்தார்கள். துபாஷி அந்த மூன்று பக்கங்களையும் இங்கிலீஷில் சொன்னார். நாற்காலி வரி வந்தபோது துரை தன் நாற்காலியின் கைப்பிடியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். வேறு சமயமாக இருந்தால் சிரித்திருப்பேன்.

இன்ஸ்பெக்டர் மேஜைமேல் கடைசிப் புரூப்பை வைத்தார். 'அச்சிடலாம்.' அடியில் என் பெயர்.

"உன் கையெழுத்தா?"

இல்லை என்றேன்.

"இந்தப் பக்கங்கள் எப்படி வந்தன? யார் தப்பு?"

இங்கேதான் நான் செய்ததை எழுத வேண்டும். காரியதரிசி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். அவரைச் சொன்னால் நகரத்தில் இருக்கும் அத்தனை தமிழ் வீட்டிலும் எனக்குக் கதவு மூடிவிடும் என்று தோன்றியது. வக்கீலைச் சொன்னால் ஒரு மனிதனை ஜெயிலுக்கு அனுப்பியவன் ஆவேன். யார் பெயரையாவது சொல்லாமல் அந்த அறையிலிருந்து வெளியே போக முடியாது என்றும் தோன்றியது. சொன்னேன்:

"கம்பாசிட்டர் தப்பு. அவருக்குத் தமிழ் தெரியாது. எங்கேயோ கிடந்த தாளை எடுத்துக் கோர்த்துவிட்டார்."

காரியதரிசி, "ஆமாம், ஆமாம்," என்றார். அவ்வளவு வேகமாக அவர் எதற்கும் ஒத்துக்கொண்டு நான் பார்த்ததில்லை.

துரை ஆஜர் பட்டியலைக் கொண்டுவரச் சொன்னார். என்மேல் அன்பினால் அல்ல. தன் ஆபீஸில் ராஜத்துரோகி இருந்தான் என்ற பேச்சு அவருக்கு ஆகாது. புரூப்பில் தேதியும் மாலை நான்கு மணி என்றும் அச்சுக்கூடத்தார் குறித்திருந்தார்கள். பட்டியலில் அன்று மாலை ஆறு மணிக்கு நேராக என் கையெழுத்து இருந்தது. இன்ஸ்பெக்டர் மெதுவாகக் காரியதரிசி பக்கம் திரும்பினார்.

அப்போதுதான் அவர் அதைச் சொன்னார். தலையைக்கூடக் குனியவில்லை.

"கையெழுத்து நான் போட்டதுதான். இவருக்கு வேலை அதிகம். என் பெயரில் நீங்களே போட்டுவிடுங்கள் என்று இவர்தான் சொன்னார். எல்லாம் படித்துப் பார்த்துவிட்டதாகவும் சொன்னார்."

"அப்படியா?" என்று இன்ஸ்பெக்டர் என்னைக் கேட்டார்.

வாயைத் திறந்தேன். குரல் வரவில்லை. இது வெறும் பேச்சுக்குச் சொல்வதல்ல, உண்மையாகவே வரவில்லை. மூச்சு மட்டும் வந்தது. சில நொடிகள் காத்திருந்துவிட்டு இன்ஸ்பெக்டர் எழுதிக்கொண்டார். நான் பேசாததை ஆமாம் என்று எழுதிக்கொண்டார்.

கெட்ட எண்ணமில்லை, அஜாக்கிரதை என்று முடித்தார்கள். புத்தகங்களை எடுத்துப் போனார்கள். வக்கீல் தன் துண்டுப் புத்தகங்களோடு முன்பே ஊருக்குப் போய்விட்டிருந்தார். என்னிடம் ஒரு காகிதத்தில் எழுதி வாங்கினார்கள்: சர்க்கார் வேலையில் இருக்கும்வரை எந்தச் சபையிலும் பேசமாட்டேன், எதையும் எழுதி அச்சிடமாட்டேன். அதில் நானே கையெழுத்துப் போட்டேன். காரியதரிசியிடம் எதுவும் எழுதி வாங்கவில்லை.

ஒரு மாதம் கழித்துக் காளிகாட் டிராம் நிற்குமிடத்தில் அச்சுக்கூடத்துப் பெரியவரைப் பார்த்தேன். போலீஸ் வந்து போன அன்றே முதலாளி அவரை அனுப்பிவிட்டிருந்தார். நான் ஒதுங்கப் பார்த்தேன். அவர் பார்த்துவிட்டார். கோபப்பட்டிருந்தால் தேவலை.

"பாபு, நீங்களே சொல்லுங்கள். பத்துக்கு அப்புறம் பதினொன்று. பதினொன்றுக்கு அப்புறம் பன்னிரண்டு. நான் சரியாகத்தானே வைத்தேன்?"

சரியாகத்தான் வைத்தீர்கள், என் வாய்தான் தப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். அது துரையின் அறை அல்ல, திறந்த தெரு. இன்ஸ்பெக்டரும் இல்லை. அப்போதும் பயந்தேன். எதற்கு என்று இன்றுவரை தெரியவில்லை. வந்த டிராமில், அது எங்கே போகிறது என்றுகூடப் பார்க்காமல் ஏறிவிட்டேன்.

அதன் பிறகு மாநாட்டில் வாசலோடு நின்று கேட்டுவிட்டு வருவேன். அந்த மேடையில் விடாமுயற்சி பற்றி, நேர்மை பற்றி, காரியதரிசி வருஷாவருஷம் பேசினார். அவை புத்தகமாக வந்தன. ரங்கூனுக்குப் போயின. எனக்குப் பின்னால் சிலர், "இவர்தான் அந்தப் பதினேழாம் பக்கம்," என்று மெல்லச் சொல்வார்கள். என் பெரிய பெண்ணுக்கு வரன் பார்த்தபோது, பிள்ளை வீட்டார் அதைக் கேட்டுவிட்டுப் பதில் போடாமல் இருந்துவிட்டார்கள்.

இந்த வருஷம் உடம்பு முடியாமல் வேலையை விட்டேன். நான் எழுதிக் கொடுத்த காகிதம் இனி என்னைக் கட்டாது. அதே சமயத்தில் மாநாட்டு மலர் வந்தது. அதில் காரியதரிசி தம் ஞாபகங்களை எழுதியிருக்கிறார். அதில் ஒரு வரி: 'ஆசிரியர் ஒருவர் தாமே சரிபார்த்து அனுமதித்த நூலில் நேர்ந்த சிறு பிசகால் ஒரு சமயம் சிரமப்பட்டோம்.'

சிறு பிசகு. தாமே சரிபார்த்து. சிரமப்பட்டோம்.

இதை எழுதும்போதும் படியில் யாரோ ஏறுகிறார்கள். பேனாவை நிறுத்திக் கேட்டேன். பௌதிதான். என் பயம் இன்னும் போகவில்லை, போகும் என்றும் தோன்றவில்லை. பயந்துகொண்டேதான் எழுதுகிறேன். நான் ஒரு ஏழை மனிதர் மேல் பொய்யாகப் பழி போட்டேன், அவர் வேலை என்னால் போயிற்று. அதை இங்கே என் கையால் எழுதிவிட்டேன். இந்தத் தடவை புரூப்பையும் நானே பார்த்து, நானே கையெழுத்துப் போடப்போகிறேன்.

காரியதரிசி அவர்களே, இனி உமது முறை. என் வீட்டுக்கு வந்து தனியாகப் பேச வேண்டாம். ஆள் அனுப்ப வேண்டாம். வரும் கிறிஸ்துமஸ் வாரத்தில் சபை கூடும்போது, எல்லோரும் கேட்க மேடையில் நின்று சொல்லும். உம்மைக் கையெழுத்துப் போடச் சொன்னேன் என்றீரே, எந்த நாள் சொன்னேன்? எந்த இடத்தில் சொன்னேன்? அப்போது கூட இருந்தது யார்? பதில் சொல்லும்.